கறுப்புக் கொட்டை வந்தவர்கள்

வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவளுக்கு ஒரு வியாதி வரும். எல்லோரையும் திருத்துவாள்; யாருக்கும் எதையும் விளக்க மாட்டாள். எனக்கு அது முற்றிப்போயிருந்தது. அப்பா "ஆஸ்பத்திரி" என்றால் "மருத்துவமனைன்னு சொல்லுப்பா" என்பேன். அம்மா தலைவலித் தைலத்தைக் கையில் எடுத்தால் "அது மனசு சம்பந்தப்பட்டதும்மா" என்பேன். உளவியலில் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. (நான் டாக்டர் இல்லை, பைத்தியம் பார்க்கிறவளும் இல்லை என்று தெருவுக்கு மாதம் ஒருமுறை அறிவித்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் நம்பவில்லை.)

எங்கள் வீடு முத்தியால்பேட்டையில், இரண்டு ஸ்கூட்டர்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய தெருவில். அப்பா பெரிய மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ரேஷன் கடையில் கட்டைவிரல்தான். அந்த வீட்டிலிருந்து ஒருத்தி "ஆய்வு" செய்கிறாள் என்பதால் என் நடையே கொஞ்சம் மாறியிருந்தது என்று தங்கை சொல்வாள். இருக்கலாம்.

கடைசிப் பருவத்தில் ஆளுக்கொரு சோதனை செய்து, அதை எழுதி, வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதில் தேறினால்தான் பட்டம். நான் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: காபி குடித்தால் ஞாபகசக்தி கூடுமா? பத்துப் பெண்களுக்குக் காபி கொடுப்பேன், இருபது சொற்களை வாசிப்பேன், எத்தனையைத் திருப்பிச் சொல்கிறார்கள் என்று எண்ணுவேன். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

என் வழிகாட்டி மேடம் தாளைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். (அவர் கண்ணாடியைக் கழற்றினால் எதிரே இருப்பவருக்கு நேரம் சரியில்லை.)

"பத்து பேரும் நல்லா ஞாபகம் வச்சிருக்காங்கன்னு வச்சிக்குவோம். அது காபியாலயா?"

"ஆமா மேடம்."

"வீட்டு வேலைய விட்டுட்டு அரைமணி நேரம் ஃபேனுக்குக் கீழ உக்காந்ததாலன்னு நான் சொன்னா?"

நான் என் தாளைத் திருப்பிப் பார்த்தேன்.

"சூடா, இனிப்பா ஏதோ ஒண்ணு வயித்துக்குள்ள போனதாலன்னு சொன்னா? காபி குடிச்சிருக்கோம், நல்லா சொல்லிடுவோம்னு அவங்களே நம்பினதாலன்னு சொன்னா? கண்ட்ரோல் குரூப் இல்லன்னா இது சோதனை இல்ல செல்வி. காபி விருந்து."

அதாவது, இன்னொரு பத்துப் பேர் வேண்டும். அவர்களும் அதே ஃபேனுக்குக் கீழே, அதே நாற்காலியில் உட்கார வேண்டும். அதே டம்ளரில், அதே சூட்டில், அதே சர்க்கரையோடு ஒன்றைக் குடிக்க வேண்டும். அது காபி என்று நம்பவும் வேண்டும். ஆனால் அதில் காபி இருக்கக் கூடாது. அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் ஒன்றாக இருந்தால்தான், வித்தியாசம் வந்தால் அது காபியால் வந்தது என்று சொல்ல முடியும்.

காபி மாதிரி இருக்க வேண்டும், காபியாக இருக்கக் கூடாது. இரண்டு நாள் யோசித்தேன். சிக்கரி. காபித்தூளில் கலக்கிறார்களே, வறுத்த வேரின் தூள், அதேதான். நிறம் உண்டு, கசப்பு உண்டு. ஆளைத் தட்டியெழுப்புகிற சரக்கு மட்டும் இல்லை. இந்த யோசனை வந்தபோது எனக்கு என்மேலேயே மரியாதை கூடிவிட்டது.

அப்பாவுக்குப் பழக்கமான காபித்தூள் கடை பெரிய மார்க்கெட்டுக்குள் இருந்தது. அப்பாவும் நானும் போனோம்.

"அரை கிலோ சிக்கரி," என்றேன்.

"தூள் எவ்ளோ?" என்றார் கடைக்காரர்.

"தூள் தனியா வேணும். இது வெறும் சிக்கரி."

அவர் அரவை மிஷினை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். "இன்னாண்ணா, வூட்டுக்குப் புடிக்காத விருந்தாளி யார்னா வராங்களா?"

"ரிசர்ச்சுக்கு," என்றார் அப்பா, கொஞ்சம் சத்தமாகவே. பக்கத்து எலுமிச்சைக் கடைக்காரருக்கும் கேட்க வேண்டுமல்லவா.

இன்னொரு விதியும் இருந்தது. யார் காபி குடித்தார், யார் சிக்கரி குடித்தார் என்பது சொற்களை வாசிக்கும் எனக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும். காபிக்காரிகளிடம் மெதுவாக வாசிப்பேன், சிக்கரிக்காரிகளிடம் கடகடவென்று போவேன். ஆகவே ஊற்றுகிற வேலை அம்மாவுக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஏற்பாடு வேண்டுமே. இருபது புளியங்கொட்டை எடுத்தேன். பத்தை வெள்ளையாகத் தேய்த்தேன், பத்தைக் கறுப்பாகவே விட்டேன். ஒரு துணிப்பைக்குள் போட்டேன். ஒரு பெண் வந்து உட்கார்ந்ததும் அம்மா அடுப்படியில் பார்க்காமல் ஒரு கொட்டை எடுக்க வேண்டும். வெள்ளை என்றால் சிவப்பு மூடி ஃபிளாஸ்க்: காபி. கறுப்பு என்றால் நீல மூடி: சிக்கரி. ஊற்றியபின் கொட்டையை அந்தப் பெண்ணின் உறைக்குள் போட்டு ஒட்டிவிட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் உறைகளைப் பிரிப்பேன்.

"ஏண்டி, வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு எதுக்கு சிக்கரி?" என்று அம்மா கேட்டார்.

"அது ரிசர்ச்சும்மா. உனக்குப் புரியாது. சொன்னத செய்."

இந்த மூன்று வாக்கியங்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமானால் என் பட்டச் சான்றிதழில் பாதியைக் கிழித்துக் கொடுப்பேன்.

சோதனை ஐந்து நாள், பிற்பகல் மூன்று மணிக்கு, நாளொன்றுக்கு நான்கு பெண்கள். எல்லோரும் தெருக்காரர்கள். காலையிலிருந்து காபி, டீ தொடக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அந்த ஐந்து நாளும் கூடத்தில் இருந்தபடியே எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பால் சூடு ஒன்றாக இருக்கிறதா, சர்க்கரை ஒரே கரண்டியா, எதிர்வீட்டு டி.வி. சத்தம் கேட்கிறதா, ஃபேன் மூன்றிலேயே இருக்கிறதா. கரண்ட் போய்விடுமோ என்று மின்சாரத்துறைக்கு ஃபோன் போட்டு விசாரித்தேன். ("இன்னாம்மா, கல்யாணமா?" என்றார் அங்கிருந்தவர்.)

முதல் நாள் வந்தவர்களில் மதாம் ழோசெபின் ஒருவர். அவர் கணவர் பிரெஞ்சுப் படையில் இருந்தவர், எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவர் போன பிறகும் பென்ஷன் பிரான்சிலிருந்து வருகிறது. தெருவே அவரை மதாம் என்றுதான் கூப்பிடும். அவர் எங்கள் வீட்டுப் படியேறி வந்து உட்கார்ந்ததே அம்மாவுக்குப் பெரிய விஷயம். அவருக்குக் கறுப்புக் கொட்டை வந்தது.

அடுத்து நடந்தது எனக்கு அப்போது தெரியாது. நான் கூடத்தில் அடுத்து வந்த விஜயாவுக்குச் சொற்களை வாசித்துக்கொண்டிருந்தேன். பின்னால் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் என்னைப் போல ஏமாந்துகொண்டே வருவீர்கள்.

தன் முறை முடிந்ததும் மதாம் டம்ளரோடு நேராக அடுப்படிக்குப் போயிருக்கிறார்.

"அஞ்சல, இது இன்னாது?"

"காபி, மதாம்."

"காபியா? இது வெறும் சிக்கோரே. யுத்த காலத்துல காபிக்கொட்ட கெடைக்காம பிரான்ஸ்ல இதத்தான் காய்ச்சிக் குடிச்சாங்கன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லுவார். ஒங்க வூட்ல இப்ப இன்னா யுத்தம் நடக்குது?"

அம்மா நீல மூடியை இறுக்கித் திருகினார்.

"காலைலேர்ந்து ஒம்பொண்ணு பேச்சக் கேட்டு ஒரு வாய் காபி குடிக்காம வந்திருக்கேன். தல வெடிக்குது. அந்த விஜயாவுக்கு மட்டும் நல்ல காபி. வாசன வருது."

"அவளுக்கு வெள்ளக் கொட்ட வந்துச்சு மதாம். ஒங்களுக்குக் கறுப்பு."

"ஓ," என்றாராம் மதாம். "ஆளப் பாத்து ஊத்தறீங்களா."

அந்த ஒரு வரியில் அம்மா பாதியாகிவிட்டார். வீட்டுக்கு வந்தவர்களுக்குப் பந்தியில் ஓரவஞ்சனை செய்த பெயர் ஒருமுறை வந்துவிட்டால் முத்தியால்பேட்டையில் அது மூன்று தலைமுறைக்கு நிற்கும். மகளிடம் கேட்டால் புரியாது என்பாள். அம்மா தானே முடிவெடுத்தார். இரண்டாம் நாளிலிருந்து இரண்டு ஃபில்டரிலும் ஒரே காபித்தூள். கொட்டை எடுப்பார், நிறம் பார்ப்பார், அந்தந்த மூடி ஃபிளாஸ்க்கிலிருந்தே ஊற்றுவார், கொட்டையை உறைக்குள் போடுவார். அதில் ஒரு குறையும் இல்லை. கறுப்புக் கொட்டை வந்தவர்களைப் பார்த்தால் மட்டும் அவருக்குப் பாவமாக இருந்திருக்கிறது. ஆகவே நீல ஃபிளாஸ்க்கில் டிகாக்ஷன் ஒரு கரண்டி கூடுதல்.

இது எதுவும் தெரியாமல் நான் கூடத்தில் மூக்கை உறிஞ்சிப் பார்த்து, இரண்டு டம்ளருக்கும் வாசனையில் வித்தியாசமே இல்லை, என்ன கச்சிதமான ஏற்பாடு என்று பூரித்துக்கொண்டிருந்தேன்.

உறைகளைப் பிரித்தேன். எண்ணினேன். மறுபடி எண்ணினேன். கறுப்புக் கொட்டைக்காரர்கள் வெள்ளைக் கொட்டைக்காரர்களைவிட அதிகம் ஞாபகம் வைத்திருந்தார்கள். காபி தோற்றுவிட்டது. சிக்கரி ஜெயித்துவிட்டது.

மேடத்திடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை, அதுவே ஆறுதல். "நம்பர மாத்தாதீங்க. வந்தது வந்தபடி எழுதுங்க. ஏன் இப்படின்னு யோசிங்க," என்றார்.

யோசித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், பதினான்கு பக்கத்துக்கு ஒரு கொள்கையை உண்டாக்கினேன். சிக்கரியில் இதுவரை யாரும் கவனிக்காத ஏதோ ஒன்று மூளையை அமைதிப்படுத்துகிறது. அமைதியான மூளை நன்றாக நினைவு கொள்கிறது. எழுத எழுத எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. நம்பிக்கை வந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. தெருவில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்த வீடுகளில் எல்லாம் சிக்கரி புகுந்தது. அப்பா காபியை விட்டுவிட்டுக் காலையில் சிக்கரி குடித்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போனார். "முழிப்பே வர்ல. ஆனா தெளிவா கீது," என்றார் பாவம்.

அம்மா இரண்டு முறை என் பக்கத்தில் வந்து நின்றார்.

"செல்வி, அந்த சிக்கரி விஷயத்துல ஒண்ணு சொல்லணும்டி."

"அம்மா, நான் எழுதிக்கினு இருக்கேன்ல."

இரண்டாவது முறை நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கையை மட்டும் ஆட்டினேன், ஈயை ஓட்டுவது மாதிரி.

வாய்மொழித் தேர்வு நாளில் தேர்வாளர்களுக்குச் சிற்றுண்டி ஏற்பாடு செய்வது மாணவரின் பொறுப்பு. எங்கும் எழுதியிருக்காது, ஆனால் எல்லோரும் செய்வார்கள். கேண்டீனில் சொல்லிவிடலாம் என்றேன். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. வடையும் காபியும் தானே கொண்டுவருவதாகச் சொல்லி, கல்யாணத்துக்கு மட்டும் கட்டுகிற பட்டுப்புடவையில் என்னோடு ஆட்டோவில் ஏறினார். வழியெல்லாம் நான் பதில்களை முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். உள்ளங்கை வேர்வையில் ஆய்வேட்டின் நீல அட்டை சாயம் விட்டது.

தேர்வாளர் ஒல்லியானவர். மிக மெதுவாகப் பேசினார். அந்த வகைதான் ஆபத்து.

"ஆக, பரீட்சைக்குப் போற பிள்ளைங்களுக்கு சிக்கரி குடுக்கலாம்?"

"குடுக்கலாம் சார். எங்க தெருவுல ஏற்கனவே குடுக்கறாங்க."

"குடுக்கறாங்களா," என்று ஏதோ குறித்துக்கொண்டார். மேடத்தின் கை கண்ணாடிக்குப் போனது.

"கண்ட்ரோல் குரூப்போட ஃபிளாஸ்க்ல இருந்தத நீங்க குடிச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல சார். யாருக்கு எது போகுதுன்னு எனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் அந்தப் பக்கமே போகல."

"யாருக்குப் போகுதுன்னு தெரியக் கூடாது, சரி. அதுல இருக்கறது சிக்கரிதானான்னு யாருக்குத் தெரியும்?"

அந்தக் கேள்வியை நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை என்பது அந்த நொடியில்தான் உறைத்தது. பதினான்கு பக்கத்தில் ஒரு வரிகூட அதைப் பற்றி இல்லை.

"எங்க அம்மாவுக்கு, சார்."

அம்மா அப்போதுதான் தட்டோடு உள்ளே வந்தார். தேர்வாளர் எழுந்து நின்று டம்ளரை வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார்.

"நல்ல காபி. நீங்கதான் அந்த சிக்கரியும் போட்டதாம்மா?"

அவர் மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் அம்மாவின் காதில் விழுந்தது மதாமின் குரல். ஓரவஞ்சனைப் பேச்சு ஊர் தாண்டிப் போய்விட்டது, பெரிய மனிதர் ஒருவர் நாலு பேர் முன்னால் கேட்கிறார். அம்மா தட்டை மேசைமேல் வைத்தார். முந்தானையை இழுத்துச் செருகினார்.

"சார், நீங்க தப்பா நெனச்சிக்கக் கூடாது. எங்களுது அப்பிடிப்பட்ட குடும்பம் இல்ல. மொத நாள் ரெண்டு பேருக்குத்தான் தெரியாத்தனமா குடுத்துட்டேன். அதுக்கப்புறம் ஒருத்தருக்கும் வெறும் சிக்கரி குடுக்கல. நீங்க எங்க தெருவுல யார வேணா கேளுங்க. ரெண்டு ஃபிளாஸ்க்லயும் ஒரே காபிதான். சொல்லப்போனா, கறுப்புக் கொட்ட வந்தவங்களுக்கு ஒரு கரண்டி தூக்கலாவே ஊத்தனேன். மனசு கேக்கல சார்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் மடித்தே வைத்துவிட்டார். நான் தரையில் ஒரு டைல்ஸ் விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அதை வரைந்து காட்ட முடியும்.

"அந்த சிக்கரி அரை கிலோ?" என்றார் தேர்வாளர்.

"பக்கத்து வூட்டுப் புள்ளைங்களுக்குக் குடுத்துட்டோம் சார். பரிச்சைக்கு."

அவர் குனிந்து கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். நெடுநேரம் துடைத்தார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா சார்?" என்றார் அம்மா.

முடிவு இதுதான்: ஆய்வேடு ஏற்கப்படவில்லை. நான்கு வாரத்துக்குள் சோதனையைப் புதிதாகச் செய்து கொடுக்க வேண்டும். தவறினால் ஒரு வருடம் போய்விடும். வெளியே வந்ததும் நான் அம்மாமேல் பாய்ந்தேன்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"ரெண்டு தபா சொல்ல வந்தேன். கைய ஆட்டன."

ஆட்டோ எங்கள் தெருமுனையில் திரும்பியபோது அங்கே எட்டடி உயரத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அப்பாவும் மார்க்கெட் நண்பர்களும் பேனர் கட்டியிருந்தார்கள். என் தலையை யாரோ ஓர் ஆணின் பட்டமளிப்பு அங்கிமேல் ஒட்டியிருந்தார்கள். மணிக்கட்டில் பட்டையான கடிகாரம். "முதுகலைப் பட்டம் பெற்ற எங்கள் தெருவின் முதல் மனநல மேதை" என்று சிவப்பில் எழுதி, கீழே பதினோரு மூட்டைக்காரர்களின் படங்கள். அப்பா ஏணிமேல் நின்று கடைசிக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, முடிஞ்சிதா?"

"இன்னும் நாலு வாரம் இருக்குப்பா. அவுத்துடு."

அப்பா ஏணியிலிருந்து என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "நாலு வாரந்தானே. இருக்கட்டும். கட்டனத அவுத்தா ஒரு மாதிரியா இருக்கும்," என்று முடிச்சை இன்னொரு முறை இறுக்கினார்.

அந்த நான்கு வாரமும் நான் அந்த முனை வழியாக நடக்கவில்லை. கருவடிக்குப்பம் சுற்றிப் போய் பஸ் பிடித்தேன். எதிரே யாராவது சிரித்தால் பேனரைப் பார்த்தவர் என்று நினைத்தேன். சிரிக்காவிட்டால் விஷயம் தெரிந்தவர் என்று நினைத்தேன்.

தேர்வுக்கு மறுநாள் காலையே அம்மாவை உட்காரவைத்து, முதன்முறையாக, ஏன் என்று சொன்னேன். காபி குடிக்காதவர்கள் எதற்கு, அவர்களுக்கு ஏன் தெரியக் கூடாது, எல்லாம். நான் ஒரு மணி நேரத்துக்குத் தயாராக வந்திருந்தேன். அம்மாவுக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது.

"அப்ப குடிக்காதவங்க எப்பிடி இருக்காங்கன்னு தெரிஞ்சாத்தான் குடிச்சதுக்கு மதிப்பு. இவ்ளோதானே. இத சொல்றதுக்கு இன்னாடி கஷ்டம் ஒனக்கு?"

இரண்டாவது சோதனையைக் கருவடிக்குப்பத்தில் சின்னம்மா வீட்டில் வைத்தோம். (அங்கே மானம் போனால் சின்னம்மாவுக்குத்தான் போகும் என்பது அம்மாவின் கணக்கு.) நீல ஃபிளாஸ்க்கை நான் முன்கூட்டியே குடித்துப் பார்த்து மேடத்துக்கும் ஒரு டம்ளர் கொண்டுபோனேன். அம்மா கல் மாதிரி நின்றார். ஒரு பெண் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தபோதுகூட, "குடி, குடி. சூடு ஆறிப்போவும்," என்றதோடு சரி. காபிக்காரர்கள் கொஞ்சம் அதிகம் ஞாபகம் வைத்திருந்தார்கள். பெருமையடித்துக்கொள்ளும் அளவுக்கு இல்லை. இந்தமுறை விளக்கம் இரண்டே பக்கம். தேறினேன். பேனருக்கு அன்றுதான் உண்மையாகும் யோகம் வந்தது. அதற்குள் ஓர் ஆடு கீழேயிருந்து மூன்று மூட்டைக்காரர்களைத் தின்றுவிட்டிருந்தது.

கதை அத்தோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் அம்மாவுக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போய்விட்டது. டி.வி.யில் ஏதோ பானத்தைக் குடித்துப் பிள்ளை வளர்வதாகக் காட்டினால், "குடிக்காத புள்ள எவ்ளோ வளந்துச்சாம்? அத காட்ட மாட்டான்," என்பார். பக்கத்துத் தெரு வைத்தியர் தன் கஷாயத்தில் பத்தே நாளில் இருமல் போகும் என்று சொன்னதற்கு, "கஷாயம் குடிக்காதவங்களுக்கு எத்தினி நாள்ல போச்சு?" என்று கேட்டுவிட்டு வந்தார். வைத்தியர் இப்போது எங்கள் வீட்டைக் கண்டால் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்.

போன வருடம் எனக்கு வரன் பார்க்க ஒரு தரகர் வந்தார். தான் பத்துப் பொருத்தமும் பார்த்துச் சேர்த்துவைத்த ஜோடிகள் அத்தனை பேரும் அமோகமாக இருப்பதாகச் சொல்லி, பெயர் பெயராக அடுக்கினார். அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரிங்க. பொருத்தம் பாக்காம கட்டிக்கினவங்க எப்பிடி இருக்காங்க?"

தரகர் காபியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார். அவருக்குப் பிறகு வந்த இரண்டு பேரும் அப்படித்தான் எழுந்தார்கள். இப்போதெல்லாம் அப்பா வாசலிலேயே நின்று, "பாக்காம கட்டிக்கினவங்க ஒரு பத்து பேர் விலாசத்தோட வாங்கய்யா, அவ கேப்பா," என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். எனக்கு முப்பது நெருங்குகிறது. பட்டியலோடு இன்னும் ஒருவரும் வரவில்லை.